மேற்குக் கட்டின் உள்சுவர்

மார்ச் 3, திங்கள்

ஹெஸ்டர்லி மேனரில் அளவெடுப்பு தொடங்கியது. பேருந்திலிருந்து இறங்கி ஒன்றரை மைல் நடை. சாமர்செட் மழை நம்மூர் மழை மாதிரி கொட்டிவிட்டு ஓயாது. காலையில் வந்து உட்கார்ந்தால் மாலை வரை எழுந்திருக்காது. காலுறை வரை நனைந்துதான் உள்ளே போனேன்.

வீட்டுக்கு வயது நானூற்று முப்பது. மேலிருந்து பார்த்தால் ஆங்கில E எழுத்து. நடுவில் வாசல் முகப்பு குட்டையாக நீட்டியிருக்கும். இரு ஓரங்களிலும் கிழக்குக் கட்டு, மேற்குக் கட்டு என்று இரண்டு பகுதிகள் நீளமாக முன்னால் வரும். கட்டிய பிரபுவுக்கு வலதும் இடதும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று பைத்தியம். கிழக்கே எட்டு ஜன்னல் என்றால் மேற்கேயும் எட்டு. அங்கே வெளிச்சுவரில் ஒரு புகைபோக்கி என்றால் இங்கேயும் ஒன்று. தோட்டத்தில் நின்று பார்த்தால் கண்ணாடியில் பார்ப்பது போலத்தான் இருக்கிறது.

வீட்டுக்காரி திருமதி ஹென்ஷா, வயது எண்பத்து நான்கு. மேற்குக் கட்டின் கீழ்த்தளத்தைக் கல்யாண விருந்துகளுக்கு விடப்போகிறார். அங்குள்ள இரண்டு அறைகளுக்கு நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டு ஒரே கூடமாக்குவது திட்டம். இருப்பதை இருக்கிறபடி அளந்து வரைந்து கொடுப்பது என் வேலை. கட்டடக் கலைஞர்கள் கனவு காண்பார்கள். நான் டேப் பிடிப்பேன்.

மார்ச் 6, வியாழன்

கிழக்குக் கட்டு முடிந்தது. இந்த வீட்டில் ஒரு மூலைகூடச் செங்கோணம் கிடையாது. ஓக் மரச்சட்டங்களில் அந்தக் காலத்துத் தச்சர்கள் உளியால் கொத்திய எண்கள் இன்னமும் தெரிகின்றன. எந்தச் சட்டம் எதோடு சேரும் என்பதற்கான குறி. தொட்டுப் பார்த்தேன். வேலை தெரிந்த கை.

கிழக்கே, கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளையும் பிரிக்கும் சுவர் மெல்லியது. மரச்சட்டம், இடையில் செங்கல் அடைப்பு. குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பு, மாடியிலும் கீழேயும், வெளிச்சுவரில்தான் இருக்கிறது. ஆகவே இந்த உள்சுவரின் தலைமேல் மாடித் தரையைத் தவிர எந்தச் சுமையும் இல்லை. எடுத்துவிட்டு ஓர் இரும்பு உத்தரம் வைத்தால் போதும். மேற்கேயும் அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 7, வெள்ளி

மேற்குக் கட்டு. கீழ்த்தளம் முழுக்க அளந்தாயிற்று. மாடியில் ஓர் அறை பூட்டியிருந்தது. திருமதி ஹென்ஷாவிடம் சாவி கேட்டேன்.

"அது எட்வர்ட் அறை, என் தம்பி. அவன் போனதற்குப் பிறகு யாரும் உள்ளே போனதில்லை" என்றார்.

"ஐந்து நிமிடம்தான், எதையும் தொட மாட்டேன்" என்றேன்.

"வேண்டாம் பெண்ணே."

நாலு பத்துக்குப் பேருந்து. அதை விட்டால் ஆறரை மணிக்குத்தான். வந்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

காலையிலிருந்து கணினி முன்னால். பூட்டிய அறை ஒன்றைத் தவிர எல்லா அறைகளும் வரைந்தாயிற்று. அந்த இடத்துக்குக் கிழக்குக் கட்டின் அதே அறையை எடுத்து, கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போட்டேன். நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பொருந்திவிட்டது. பிரபுவுக்கு நன்றி.

திண்டுக்கல்லிலிருந்து குணசீலன் பேசினார். "டிக்கெட் போட்டாச்சு பூங்கொடி, மே நாலு. கடைய தம்பிகிட்ட விட்டுட்டேன். மது ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துட்டா, இனிமே பின்வாங்க முடியாது பாத்துக்க" என்று சிரித்தார். ஒன்றே முக்கால் வருடமாகிறது நான் அவர்களைப் பார்த்து. இங்கே என் இருப்பு, அவர்கள் வரவு எல்லாமே என் முதலாளி மார்ட்டின் எழுதித் தரும் ஒரு கடிதத்தில் இருக்கிறது. வேலை போனால் அறுபது நாளில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மார்ச் 10, திங்கள்

படம் அனுப்பியாயிற்று. மார்ட்டினுக்கு ஒரே மகிழ்ச்சி. "பூங், உன் படத்தில் ஒரு புள்ளிக்கோடுகூட இல்லை. எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பார்" என்றார். கையால் அளந்ததை முழுக்கோட்டாலும் அளக்க முடியாததைப் புள்ளிக்கோட்டாலும் காட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். வழக்கம்தானே தவிர, அப்படியொன்றும் சட்டமில்லை.

அரிசி தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

மார்ச் 19, புதன்

கட்டுமான ஆட்கள் ஹெஸ்டர்லிக்கு வந்துவிட்டார்கள். படத்தை விளக்கிச் சொல்லப் போனேன். மேஸ்திரி யாரோ வெள்ளைக்காரர் என்று நினைத்துக் கொண்டு போனால், தலையில் மஞ்சள் தொப்பியோடு ஒரு யாழ்ப்பாணத்தார்.

"தங்கச்சி தமிழோ? அட, என்ர கடவுளே" என்றார். பெயர் தயாபரன். ஊர் வடமராட்சி. வயது ஐம்பத்தைந்து இருக்கும். இருபத்து மூன்று வருடமாகப் பழைய கட்டடங்களில் வேலை பார்க்கிறாராம்.

என் படத்தைப் பெரிதாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, வேலை நடக்கும் அறையிலேயே மாட்டி வைத்திருக்கிறார். "எங்கட பெடியள் கம்பியூட்டரைத் திறந்து பாக்கிற ஆக்கள் இல்லை. சுவரில கிடந்தாத்தான் பாப்பினம். நல்ல படம் தங்கச்சி. கோடு ஒவ்வொண்டும் சும்மா நூல் பிடிச்ச மாதிரி" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. மறைப்பானேன்.

மார்ச் 27, வியாழன்

தோட்டத்து மதிலை அளக்க மறுபடியும் ஹெஸ்டர்லி. திருமதி ஹென்ஷா தேநீருக்குக் கூப்பிட்டார். என்ன தோன்றியதோ, பேச்சுக்கு நடுவில் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "நீ நிதானமான பெண். நீ மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வா. அவனுடைய ஜன்னலிலிருந்து பார்த்தால் பேரி மரம் தெரியும்" என்றார்.

போனேன். கட்டில், ஒரு பழைய கோட்டு, பேரி மரம். கணப்பு உள்சுவரில் இருந்தது.

வெளிச்சுவரில் இல்லை. உள்சுவரில்.

அளந்துவிட்டு இறங்கினேன். கை கொஞ்சம் குளிர்ந்திருந்தது. வீடு முழுக்கவே குளிர்தான்.

மார்ச் 28, வெள்ளி

விடுப்பு எடுத்துக்கொண்டு போய்க் கூரைக்கடியில் ஏறிப் பார்த்தேன். இப்போது புரிகிறது. மேற்கே மட்டும் மாடிக் கணப்பை, கீழே இருக்கும் உள்சுவர்மேல் கட்டியிருக்கிறார்கள். ஆனால் தோட்டத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு இரண்டு புகைபோக்கியும் ஒன்றுபோல இருக்க வேண்டுமே! அதனால் புகைக்குழாயைக் கூரைக்குள்ளேயே சாய்த்து, மூன்று மீட்டர் தள்ளி வெளிச்சுவருக்குக் கொண்டுபோய் வெளியே விட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. பிரபு நன்றாக ஏமாற்றியிருக்கிறார்.

உத்தேசமாகக் கணக்குப் போட்டேன். கணப்பும் சாய்ந்த குழாயும் சேர்ந்து பதினோரு டன் செங்கல். மொத்தமும் உட்கார்ந்திருப்பது, எதையும் தாங்கவில்லை என்று என் படம் சொல்லும் அந்த மெல்லிய உள்சுவரின் மேல். அதைத்தான் எடுக்கப்போகிறார்கள். பொறியாளர் என் படத்தைப் பார்த்துத்தான் சரி என்று கையெழுத்துப் போட்டார்.

இன்னும் நாள் இருக்கிறது. திங்கட்கிழமை மார்ட்டினிடம் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 31, திங்கள்

சொல்லத்தான் போனேன். மார்ட்டின் அறையில் ஜோயல் இருந்தான். என்னோடு சேர்ந்தவன். வேறு ஒரு தேவாலயப் படத்தில் ஒரு தூணை விட்டுவிட்டானாம். கதவு சாத்தியிருந்தும் மார்ட்டின் குரல் கேட்டது: "அளக்காததை அளந்ததாகக் காட்டுகிறவனுக்கு இந்த ஆபீசில் இடம் கிடையாது." ஜோயல் மத்தியானமே தன் டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் லண்டன்காரன். அவனுக்கு வேறு வேலை கிடைத்துவிடும்.

மார்ட்டின் என்னைப் பார்த்து, "என்னவோ சொல்ல வந்தாயே பூங்" என்றார். பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது என்றேன். உண்மையிலேயே தீர்ந்துதான் இருந்தது.

ஏப்ரல் 2, புதன்

படத்தைத் திருத்திவிட்டேன். எட்வர்டின் அறை, கணப்பு, சாய்ந்த குழாய் எல்லாம் இருக்கிற இடத்தில் சரியாக வரைந்து, 'திருத்தம் B' என்று பெயரிட்டு, எல்லோரும் பார்க்கும் பொதுக் கோப்பகத்தில் ஏற்றிவிட்டேன். பழைய படம் தானாகவே கீழே போய்விட்டது. இனி யார் திறந்தாலும் சரியான படம்தான் கண்ணில் படும். தினமும் காலையில் புதிய படம் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கட்டுமான ஆட்கள் வேலையைத் தொடங்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

சம்பந்தப்பட்டவர்களுக்குத் தகவல் அனுப்பட்டுமா என்று கணினி கேட்டது. ஆளாளுக்கு அஞ்சல் போய், என்ன ஏது என்று கேள்வி கேட்டு... வேண்டாம் என்று அழுத்தினேன்.

பாரம் இறங்கியது போல இருக்கிறது. இன்று ரசம் வைத்துச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

கோப்பகத்தில் B-யை எத்தனை பேர் திறந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒருவர். அது நான்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஒருவர்.

ஏப்ரல் 5, சனி

துணி துவைத்தேன். மதுவுக்கு என்று ஒரு கட்டில் பார்த்து வைத்தேன். வெள்ளை நிறம், கீழே இழுப்பறை. குணசீலன் பேசும்போது, "என்னம்மா, குரலே சரியில்ல, காய்ச்சலா?" என்றார். குளிர் என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மேற்குக் கட்டில் சுவர் விரிசல்களைக் கவனிக்க முன்பே சின்ன அளவிகள் ஒட்டியிருந்தோம். அவற்றைப் படித்து வரும் முறை இன்று எனக்கு. மார்ச்சில் பூஜ்ஜியம். இன்று ஒன்றரை மில்லிமீட்டர்.

உள்சுவரில் செங்கல் அடைப்பை எல்லாம் எடுத்துவிட்டார்கள். மரச்சட்டங்கள் மட்டும் நிற்கின்றன. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஆள் தெரிகிறது. திருமதி ஹென்ஷாவிடம் சாவி வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். எட்வர்ட் அறைக் கதவு இறுகிக்கொண்டு திறக்கவில்லை. தோளால் தள்ளியும் அசையவில்லை. போன மாதம் சாவியைத் திருப்பியதும் தானாகத் திறந்த கதவு. கணப்பு இருக்கும் பக்கம், கதவுக்கு வெளியே தரையில் சுண்ணாம்புத்தூள் கோடு போட்ட மாதிரி விழுந்திருந்தது.

கீழே தயாபரன் அண்ணன் சாப்பிட உட்கார்ந்திருந்தார். "வாங்கோ தங்கச்சி, மனிசி இடியப்பமும் சம்பலும் தந்து விட்டவ. எனக்கு மட்டும் எண்டா இவ்வளவு தர மாட்டா. நீங்கள் வாறீங்கள் எண்டு சொன்னனான்" என்று பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

அவருக்குப் பின்னால் சுவரில் என் பழைய படம், பிளாஸ்டிக் உறைக்குள். மேற்குக் கட்டு, மாடி அறை, முழுக்கோடு.

"எப்ப அண்ணே சட்டத்த எடுக்குறீங்க?"

"வியாழக்கிழமை காலமை. நடுச்சட்டத்தை வெட்டிப்போட்டு இரும்பை ஏத்துவம். ஒரு மணித்தியால வேலை." மேலே பார்த்தார். "எண்டாலும் இந்த வீடு ரெண்டு நாளா முனகுது. பெடியள் பேய் எண்டு சொல்லுறாங்கள். பழைய மரம் எண்டா அப்பிடித்தான்."

மூடியைக் கீழே வைத்தேன். தண்ணீர் குடித்தேன். "அண்ணே, முட்டு கொஞ்சம் கூடுதலா குடுங்களேன்" என்றேன்.

"மேல ஒண்டும் இல்லையே தங்கச்சி, உங்கட படத்திலயே வெறும் தரைதானே கிடக்கு. ரெண்டு முட்டே போதும்."

"பழைய வீடு. எதுக்கும் இருக்கட்டுமே."

"சரி, நீங்கள் சொன்னா இன்னும் ரெண்டு போடுறன்" என்று சிரித்தார்.

நான்கு முட்டு. நான்கு முட்டு தாங்கும். பேருந்தில் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். முட்டுகள் தாங்கலாம். அவை நிற்கிற தரை தாங்குமா என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது என் வேலையும் இல்லை.

ஏப்ரல் 9, புதன்

மூன்று முறை தயாபரன் அண்ணன் எண்ணை எடுத்தேன். மூன்றாவது முறைதான் அழைத்தேன். எடுத்து, "சொல்லுங்கோ தங்கச்சி" என்றார். பின்னால் ரம்பம் ஓடும் சத்தம். நேற்றைய சாப்பாடு நன்றாக இருந்தது, அக்காவிடம் சொல்லுங்கள் என்றேன்.

"இதுக்கே எடுத்தனீங்கள்? சரியான ஆள் நீங்கள்" என்றார்.

பயமாக இருக்கிறது. இதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

பத்து இருபதுக்கு விழுந்துவிட்டது.

ஏப்ரல் 11, வெள்ளி

தரை அமுங்கி இரண்டு முட்டுகள் சரிந்திருக்கின்றன. கணப்பு, குழாய், எட்வர்டின் கட்டில் எல்லாம் மொத்தமாகக் கீழே வந்திருக்கின்றன. மற்ற ஆட்கள் வெளியே ஓடிவிட்டார்கள். தயாபரன் அண்ணன்தான் வெட்டும் இடத்தில் நின்றிருந்தார். நாலு மணி நேரம் கழித்து வெளியே எடுத்தார்கள். உயிர் இருக்கிறது. வலது கால் முட்டிக்குக் கீழே இல்லை. இடது காலைப் பற்றி இன்னும் சொல்ல முடியாதாம்.

அலுவலகத்தில் மார்ட்டின் கதவைச் சாத்திக்கொண்டு கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டார். எல்லாம் முடிந்தது என்றுதான் போனேன்.

"பூங், நீ ஏப்ரல் இரண்டாம் தேதியே படத்தைத் திருத்திவிட்டாயே! எட்டு நாள் முன்னால்! நம்மைக் காப்பாற்றிவிட்டாய்" என்றார். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அதிர்ச்சி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஏப்ரல் 16, புதன்

விபத்து விசாரணைக்கு அரசாங்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். அமைதியாகக் கேட்டார். சாவி எப்போது கிடைத்தது? இருபத்தேழாம் தேதி. படம் எப்போது திருத்தப்பட்டது? இரண்டாம் தேதி. அதற்கு நடுவில் ஆறு நாள் ஏன்?

"அளவைச் சரிபார்க்க வேண்டியிருந்தது" என்றேன்.

பழைய படத்தில் அந்த அறை ஏன் புள்ளிக்கோட்டில் இல்லை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மார்ட்டின், "அந்தக் குறையைத்தான் இவர் தானாகவே கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறார். தினமும் புதிய படம் வந்திருக்கிறதா என்று பார்ப்பது மேஸ்திரியின் பொறுப்பு" என்று ஒப்பந்தத்தின் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அந்த அம்மாள் குறித்துக்கொண்டார். என்னை இரண்டு விநாடி கூடுதலாகப் பார்த்த மாதிரி இருந்தது.

"மேஸ்திரி என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். அவர் வாக்குமூலம் வந்தால்தான் இதை முடிக்க முடியும்" என்றார்.

ஏப்ரல் 19, சனி

திருமதி ஹென்ஷா கடிதம் எழுதியிருக்கிறார். மேற்குக் கட்டை முழுக்க இறக்கிவிடச் சொல்லிவிட்டார்களாம். சாவியைக் கொடுத்திருக்கவே கூடாது, அதனால்தான் வீடு விழுந்தது என்று நம்புகிறார். பதில் எழுத வேண்டும். எழுதவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

மார்ட்டின் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். குணசீலனுக்கும் மதுவுக்கும் அனுமதி வந்துவிடும். மது போனில், "அம்மா, அங்க பழைய அரமண இருக்குன்னியே, கூட்டிட்டுப் போவியா?" என்று கேட்டாள்.

ஏப்ரல் 24, வியாழன்

தயாபரன் அண்ணனின் மனைவி ஜெயந்தி அக்கா போன் செய்தார். "அவர் உங்களைத்தான் கேக்கிறார் தங்கச்சி. ஒருக்கா வந்துட்டுப் போங்கோ" என்றார். போகாமல் இருக்க ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

மத்தியானம் ஆஸ்பத்திரி. அண்ணன் கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தார். போர்வை முட்டிக்குக் கீழே தட்டையாக இருந்தது. இரண்டு பக்கமும். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, தேநீர் வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போனார்.

அண்ணன்தான் முதலில் பேசினார். "தங்கச்சி, அந்த விசாரணைக்காரி வந்தவ. புதுப் படம் ஒண்டு எட்டு நாளுக்கு முன்னமே வந்திட்டுதாம். அதைப் பாத்தனீங்களோ எண்டு கேட்டவ." மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் பாக்கேல்ல. சுவரில கிடந்ததை மட்டும்தான் பாத்தனான். நீங்கள் அவ்வளவு கவனமா செய்து வச்சிருக்கிறீங்கள், முட்டுக் கூடுதலாப் போடுங்கோ எண்டு வாயாலயும் சொன்னீங்கள். என்ர பிழையால உங்கட பேரும் கெடப் பாத்தது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ஏதாவது சொல்ல வேண்டும். "அப்படியெல்லாம் சொல்லாதீங்கண்ணே" என்றேன்.

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "வாக்குமூலம் எழுதித் தரட்டாம். எனக்குக் கதைக்க வரும், இங்கிலீசில எழுத வராது. மனிசிக்கும் வராது. வேற ஆரிட்டக் கேக்கிறது? நீங்கள் எண்டா நேர்மையா எழுதுவீங்கள்."

படிவத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். திருத்திய படம் வந்ததை நான் பார்க்கவில்லை. பழைய படத்தை வைத்து வேலை செய்தேன். தவறு என்னுடையது, வேறு யாருடையதும் இல்லை. கடைசி வரியை அவர் இரண்டு முறை சொன்னார், நான் விட்டுவிடக் கூடாது என்று. விடவில்லை.

நடுவில் ஒரு தடவை பேனாவை நிறுத்தினேன். அவர், கை வலிக்கிறதோ என்று கேட்டார். இல்லை என்று சொல்லித் தொடர்ந்தேன்.

முடித்ததும் தமிழில் ஒருமுறை படித்துச் சொன்னேன். "ஓம், சரியாத்தான் எழுதியிருக்கிறீங்கள்" என்றார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.

விரல் வைத்துக் காட்டினேன்.